பணக்கார டொராண்டோவும் சின்ன வினிபெக்கும்

கேள்வி: என் மகன் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் தீவிர ரசிகன். 'வினிபெக் மாதிரி சின்ன ஊர்களுக்காகச் சம்பள உச்சவரம்பு வைத்து எங்கள் கையைக் கட்டிவிட்டார்கள், இல்லாவிட்டால் எப்போதோ கோப்பையைத் தூக்கியிருப்போம்' என்று ஒரே புலம்பல். அந்த உச்சவரம்பால் சின்ன ஊர் அணிகள் நிஜமாகவே பிழைக்கின்றனவா?
- ஒரு வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: பிழைக்கின்றன, ஆனால் உங்கள் மகன் நினைக்கிற மாதிரி சொகுசாக இல்லை.

இந்த அணிகள் ஆடும் அமெரிக்க-கனடிய லீக்கான என்.எச்.எல்.லில் முன்பு நிலைமை படுமோசம். 1995ல் கியூபெக் அணி அமெரிக்காவின் டென்வருக்கும், 1996ல் வினிபெக் அணி அங்குள்ள ஃபீனிக்ஸுக்கும் மூட்டை கட்டின. டிக்கெட் விற்பது கனடிய டாலரில், சம்பளம் கொடுப்பது அமெரிக்க டாலரில் என்றால் எத்தனை நாள் தாங்கும்? அப்புறம் 2004-05ல் முதலாளிகள் கதவடைப்பு செய்து ஒரு சீசனையே காவு கொடுத்த பிறகுதான், ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து வருடத்துக்கு 3.9 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று முடிவானது. முதல் வருடமே இன்னொரு சின்ன கனடிய ஊரான எட்மன்டன் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது. 2011ல் அட்லாண்டா அணி இடம் மாறி வந்ததால் வினிபெக்குக்கும் மறுபடி ஓர் அணி கிடைத்தது.

சரி, சிக்கல் எங்கே? உச்சவரம்போடு ஒரு கீழ்வரம்பும் வைத்தார்கள், அதாவது குறைந்தது இவ்வளவு செலவழித்தே தீர வேண்டும். இரண்டையும் மொத்த லீக்கின் வருமானத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள் என்பதால், டொராண்டோவில் கல்லா நிரம்பினால் வினிபெக்காரர் கொடுக்க வேண்டிய சம்பளமும் ஏறும். 2025-26ல் கீழ்வரம்பே 7.06 கோடி டாலர், அந்த முதல் வருட உச்சவரம்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! பணக்கார அணிகளின் வருமானத்தில் ஒரு பங்கு ஏழை அணிகளுக்குப் போகிறதுதான், ஆனாலும் இடிக்கிறது.

இதைச் சமாளிக்க அரிசோனா அணி 2016ல் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். (வினிபெக்கிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் போன அதே அணிதான் இது. ஃபீனிக்ஸ் பெரிய ஊர்தான், ஆனால் பாலைவனத்தில் ஐஸ் ஹாக்கிக்குக் கூட்டம் சேர்ப்பது லேசா?) டெட்ராய்ட் வீரர் பாவெல் தட்சுக் ரஷ்யாவுக்குத் திரும்புகிறார், இனி இங்கே ஆடமாட்டார் என்று தெரிந்தே அவருடைய 75 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆடாத ஆளுக்குச் சம்பளம் தர வேண்டாம், கணக்கில் மட்டும் கீழ்வரம்பை எட்டிவிடலாம். அந்தச் சுமையை டெட்ராய்டின் கணக்கிலிருந்து இறக்கியதற்குப் பதிலாக, இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முன்னால் ஓர் இடமும் கிடைத்தது.

எப்படிப் பார்த்தாலும் உச்சவரம்பு இல்லாமல் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். வினிபெக்கின் கோல்கீப்பர் ஹெல்லபக் 2023ல் வருடத்துக்கு 85 லட்சம் டாலர் என்று 7 வருட ஒப்பந்தம் போட்டார், 2024-25 லீக் சுற்றில் வினிபெக்தான் முதலிடம். வரம்பே இல்லையென்றால் அவரை ஏதாவது ஒரு பெரிய ஊர் கொத்திக்கொண்டு போயிருக்கும்.

உங்கள் மகனிடம் ஒன்று கேளுங்கள். டொராண்டோ கடைசியாகக் கோப்பை வென்றது 1967ல், உச்சவரம்பு வந்தது 2005ல். நடுவில் 38 வருடம் அவர்கள் கையைக் கட்டியது யாராம்?