மாணவர் பாடம் நடத்தினால் விரிவுரையாளருக்கு என்ன வேலை?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் பல்கலைக்கழகத்தில் கலைப் பிரிவில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஒரு பாடத்தின் அலகுகளைக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்து, மாணவர்களையே படிப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். விரிவுரையாளர் பின்வரிசையில் இருந்து கேட்கிறாராம். சம்பளம் எடுப்பவர் ஒருவர், படிப்பிப்பது பிள்ளைகளா?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அவர் பின்வரிசையில் இருக்கிறார் என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அங்கே இருந்துகொண்டு என்ன செய்கிறார், அதற்கு முந்திய வாரம் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

விரிவுரையாளர்களிடையே இது பற்றி ஒரே கருத்து இல்லை. 15 வார அரையாண்டுக்குள் பாடத்திட்டத்தை முடிக்க முடியாது என்பதே பலர் முதலில் சொல்லும் தடை. மாணவர் ஒருவர் பிழையாகச் சொன்னதை மற்றவர்கள் குறிப்பெடுத்துப் பரீட்சையிலும் எழுதிவிடுவார்கள் என்று அஞ்சுவோரும் உண்டு. இவற்றைவிடப் பெரிய தடையாக எனக்குத் தோன்றுவது, சக மாணவர் முன்னால் நின்று பேசும்போது பேனாவை மூடி வைத்துவிட்டு, 'சேர்' வாய் திறந்தால் மட்டும் எழுதத் தொடங்கும் பழக்கம். உயர்தரம் வரை ரியூசன் நோட்ஸை நம்பி வளர்ந்த பிள்ளைகளிடமிருந்து அது இலேசில் போகாது.

ஆயினும் இந்த முறை நமக்குப் புதியதன்று. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது காற்பங்குதான், உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு சேரும், எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதே வந்து நிறையும் என்று நன்னூல் கணக்கே போட்டு வைத்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் பணியாற்றிய அன்ரூ பெல் என்ற பாதிரியார், அங்குள்ள பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை வகுத்து, 1797இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது அங்கே வேகமாகப் பரவியதற்கு, ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்ற சிக்கனமும் ஒரு காரணம். உங்கள் சந்தேகம் சரியாக விழுகிற இடம் அதுதான்.

நல்ல விரிவுரையாளர் அலகைப் பிரித்துக் கொடுப்பதில்லை, கேள்வியைக் கொடுக்கிறார். 'களப்புகள்' என்ற தலைப்பைத் தூக்கிக் கொடுத்தால், இணையத்திலிருந்து எடுத்த இருபது ஸ்லைட்டுகளை ஒருவர் மாறி ஒருவர் வாசித்துவிட்டு இறங்குவார்கள். மாறாக, மாரி வெள்ளத்தில் மட்டக்களப்பு முகத்துவாரத்தின் மணல் திட்டை எப்போது வெட்டிவிட வேண்டும், அதனால் களப்பின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்காரருக்கு என்ன ஆகும், களப்பில் இறால் பிடிப்பவருக்கு என்ன ஆகும் என்று கேட்டால், ஸ்லைட் உதவாது. வயல் உள்ள வீட்டுப் பிள்ளையும் தோணி உள்ள வீட்டுப் பிள்ளையும் ஒரே குழுவில் இருந்தால், அந்த மண்டபத்தில் எவரும் பேனாவை மூடமாட்டார். அதற்கு முந்திய வாரமே குழுவை அழைத்து, எதை வாசிக்க வேண்டும், உவர்நீர் உட்புகுவதை எப்படி விளக்க வேண்டும் என்று அரைமணி நேரமாவது விரிவுரையாளர் பேசியிருக்க வேண்டும். முடிவில் விடுபட்டதையும் பிழைபட்டதையும் தானே எழுந்து சொல்ல வேண்டும். தானே விரிவுரை நடத்துவதைவிட இதற்கு உழைப்பு அதிகம். மகளிடம் இந்த இரண்டையும் விசாரித்துப் பாருங்கள். இரண்டும் நடக்கவில்லை என்றால், அவர் படிப்பிக்கவில்லை என்றே கொள்ளலாம்.

கேள்வி: விரிவுரையில் விளங்காதது, பரீட்சைக்கு முன்னர் சீனியர் அண்ணாமார் தாமாகவே எடுக்கும் மீட்டல் வகுப்பான 'குப்பி'யில் விளங்கிவிடுகிறது. காரணம் என்ன?
– விஞ்ஞான பீட மாணவர், சம்மாந்துறை

பதில்: எந்த இடத்தில் இடறி விழுந்தார் என்பது அந்த அண்ணாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, இருபது வருடம் அதே பாடத்தை நடத்தியவருக்கு அது மறந்து போயிற்று. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியல் பேராசிரியர் எரிக் மசூர் இதைக் கவனித்தே, 1991இலிருந்து தம் விரிவுரையை மாற்றினார். கருத்தைச் சோதிக்கும் ஒரு வினாவைக் கேட்டு, ஒவ்வொருவரும் தம் விடையைத் தெரிவித்த பின், பக்கத்தில் இருப்பவரோடு வாதிடவிட்டு, மறுபடி விடை கேட்பது அவர் முறை. கை உயர்த்தினாலே போதும், கருவி எதுவும் வேண்டியதில்லை. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும் பீடங்களில், அந்த இரண்டு நிமிடம் தமிழில் வாதிடக் கிடைப்பதே பெரிய உதவி.

குப்பியில் ஒரு குறையும் உண்டு. அது பெரும்பாலும் பழைய வினாத்தாளை நோக்கி ஓடுவதால், ஒரு பட்ச் செய்த பிழை போட்டோக் கொப்பியோடு அடுத்த பட்சுக்கும் இறங்கிவிடும்.

கேள்வி: நான் தகுதிகாண் விரிவுரையாளர். கலந்துரையாடல் முறையில் கற்பித்தேன். அரையாண்டு முடிவில் மாணவர் நிரப்பிய கருத்துப் படிவங்களில், 'இவர் ஒழுங்காகப் படிப்பிப்பதில்லை' என்று பலர் எழுதிவிட்டார்கள். மூத்தவர்கள் பழைய முறைக்கே திரும்பச் சொல்கிறார்கள்.
– வாசகர், கல்முனை

பதில்: திரும்ப வேண்டாம். விஞ்ஞானம், பொறியியல், கணிதம் ஆகியவற்றில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சித்தியடையாதோர் சராசரியாக 34 வீதமளவில் இருக்க, மாணவர் பங்குகொண்ட வகுப்புகளில் அது 22 வீதமளவுக்கு இறங்கியிருந்தது. (மாணவரை மேடையேற்றி முழுப் பாடத்தையும் நடத்தவிடுவதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவது பொருந்தாது; அங்கே பங்கெடுப்பு என்பது வினாவுக்கு விடை தேடுவதும் குழுவாகக் கணக்குச் செய்வதும் போன்றவை.) 2019இல் ஹார்வர்டில் செய்த சோதனையிலோ, பங்கெடுத்த மாணவர்கள் சோதனைத் தாளில் கூடுதலாகப் பெற்றார்கள், ஆனால் குறைவாகவே கற்றதாக நம்பினார்கள். தெளிவான விரிவுரையைக் கேட்கும்போது விளங்குவது போலவே இருக்கும். தானே முயன்று திணறும்போது ஒன்றும் தெரியாதது போலத் தோன்றும். உங்கள் படிவங்களில் வந்திருப்பதும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

ஆகவே அடுத்த அரையாண்டின் முதல் வாரத்திலேயே, ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்பதை மாணவருக்குச் சொல்லுங்கள். மூன்றாம், நான்காம் வாரத்தில் ஒரு சிறு சோதனை வைத்து, அவர்கள் எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்பதை அவர்களுடைய புள்ளிகளைக் கொண்டே காட்டுங்கள். மூத்தவர்களுக்கும் அதே தாளைக் காட்டலாம்.

கேள்வி: பாடம் நடத்தும் மாணவர் பிழையாகச் சொன்னால், அந்த இடத்திலேயே திருத்தலாமா?
– ஆசிரியர், அக்கரைப்பற்று

பதில்: பிழை அடுத்த படியையும் கெடுக்குமென்றால் உடனே திருத்துங்கள். உச்சரிப்பு, ஆண்டு போன்றவை முடிவு வரை பொறுக்கும். எப்படியாயினும், "இதில் வேறு கருத்து யாருக்கும் உண்டா?" என்று முதலில் வகுப்பைக் கேளுங்கள், பல வேளைகளில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர் திருத்திவிடுவார்.