பலூச்சிகள் நம் சொந்தக்காரர்களா?

கேள்வி: பலுசிஸ்தானில் இருப்பவர்கள் ஆதித் தமிழர்கள்தான், அவர்கள் பேசும் பிராகுயி தமிழின் கிளைமொழி என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றுகிறது. அப்படியானால் நம் பழைய வாழ்க்கை முறையை இன்றும் அவர்களிடம் பார்க்கலாம் அல்லவா? (ஒரு வாசகர், கோவில்பட்டி)

பதில்: முதலில் இரண்டு மொழிகளைப் பிரித்துக்கொள்வோம். பலூச்சிகளில் பெரும்பாலோர் பேசுவது பலூச்சி மொழி. அது குர்தி, பாரசீகம் போல ஈரானிய மொழி. கலாத், குஸ்தார், மஸ்துங் பக்கம் பேசப்படும் பிராகுயி வேறு. அது திராவிட மொழிதான், சந்தேகமில்லை. ஆனால் தமிழின் கிளை அல்ல. அதற்கு நெருக்கமாகச் சொல்லப்படுபவை ஜார்க்கண்ட் பக்கம் பேசப்படும் குடுக், மால்தோ என்ற இரண்டு மொழிகள். எண்களில்கூட மூன்று வரைதான் சொந்தச் சரக்கு, நான்கிலிருந்து கடன். சிந்துவெளிக் காலத்திலிருந்தே அங்கே இருப்பவர்கள் என்று ஒரு கட்சி, ஆயிரம் வருடத்துக்கு முன் மத்திய இந்தியாவிலிருந்து போனவர்கள் என்று இன்னொரு கட்சி. வழக்கு இன்னும் முடியவில்லை. காணொளிக்காரர் மட்டும் தீர்ப்பு எழுதிவிட்டார்.

அப்புறம், சம்பந்தப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? பிராகுயி பேசுகிற பெரும்பாலோர் தங்களைப் பலூச் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். 1666-இல் எழுந்த கலாத் அரசு பிராகுயிக் குலங்களின் தோளில் நின்றது. பலூச்சிகள் அதைத்தான் தங்கள் அரசு என்று கொண்டாடுகிறார்கள். பலுசிஸ்தானின் மக்ரான் கடற்கரையில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சாவளியினர் லேவா ஆட்டம் ஆடுகிறார்கள், அவர்களும் பலூச்தான். அங்கே குலத்துக்கு ஒரே ரத்தம் கட்டாயம் இல்லை. நல்லது கெட்டதில் பங்கெடுப்பவன் குலத்தான், அதுதான் கணக்கு. வெளியிலிருந்து வந்த குடும்பம் சண்டையிலும் சாவிலும் கூட நின்றால், காலப்போக்கில் குலத்து நிலத்தில் பங்கு கிடைக்கும், பெண் கொடுக்கல் வாங்கலும் வரும். நீங்கள் சொல்லகராதியில் தேடும் உறவை அவர்கள் இப்படித்தான் முடிவு செய்கிறார்கள்.

ஓர் உதாரணம், பிஜ்ஜார். கல்யாணம் நிச்சயமான பையன் சொந்தக்காரர், சிநேகிதர் வீடுகளுக்குப் போவான். ஒருவர் ஆடு கொடுப்பார், ஒருவர் பணம் கொடுப்பார். பெண் வீட்டுக்குத் தர வேண்டிய பரிசப் பணத்தைச் சேர்க்கும் வழி இது. நம்ம ஊர் மொய்யைப் போலத்தான். நாளைக்கு அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்தில் இவன் கொடுத்தாக வேண்டும்.

இன்னொன்று ஹால். விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் வீட்டுக்காரர் முறைப்படி சேதி கேட்பார். வந்தவர் எங்கிருந்து கிளம்பினார், வழியில் யாரைப் பார்த்தார், எந்தப் பள்ளத்தாக்கில் மழை, எங்கே மேய்ச்சல், யார் செத்தார், யாருக்கும் யாருக்கும் தகராறு என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். பிறகு வீட்டுக்காரர் தன் சேதியைச் சொல்வார். ஆட்டுமந்தையோடு இடம் மாறும் மனிதனுக்கு மழைச் சேதி பிழைப்பு சம்பந்தப்பட்டது. அதனால் இதை வெறும் உபசாரம் என்று நினைக்காதீர்கள். கறுப்பு ஆட்டுமயிரில் நெய்த கிதான் கூடாரத்துக்குள் நடந்த இந்த வழக்கம், கூடாரம் போய்ச் சுவர் வந்த வீடுகளிலும் தொடர்கிறது. விருந்து என்றால் சஜ்ஜி: ஆட்டிறைச்சியில் உப்பைத் தடவி, குச்சியில் குத்தி, தணலைச் சுற்றி நட்டு வாட்டுவது. கூடவே காக் ரொட்டி. நெருப்பில் காய்ந்த உருண்டைக் கல்லின் மேல் மாவைப் போர்த்தித் தணலோரம் வைத்துவிடுவார்கள். உள்ளிருந்து கல்லும் வெளியிலிருந்து தணலும் வேகவைக்கும். வாணலி சுமக்க விரும்பாத மேய்ப்பனின் யோசனை!

அடைக்கலம் என்று வந்தவர் பாஹோட். அவரைக் காப்பது குலத்தின் மானம். அப்படி வந்த சம்மி என்ற பெண்ணின் மாடுகளை எதிரிகள் ஓட்டிப் போக, புதுமாப்பிள்ளை தோதா துரத்திப் போய் உயிரைவிட்ட கதையை இன்றும் பாடுகிறார்கள். பாடும்போது துணைக்கு சுரோஸ், வில்லால் இழைக்கும் நரம்பு வாத்தியம்.

இதையெல்லாம் படித்துவிட்டு உடனே புல்லரித்துவிட வேண்டாம். அதே மானத்தின் பேரில்தான் சியாகாரி நடக்கிறது. கள்ள உறவு என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், விசாரணையே இல்லாமல் பெண்ணைக் கொன்றுவிடுவார்கள். பல இடங்களில் சர்தார், அதாவது குலத் தலைவர், சொல்வதுதான் சட்டம். அவர் கூட்டும் ஜிர்கா என்ற பஞ்சாயத்தில் அந்தப் பெண்ணுக்குப் பேச இடமில்லை. அடைக்கலம் தேடி வந்த பெண்ணுக்காக உயிரைவிட்டவனைப் பாடும் ஊரில், சொந்த வீட்டுப் பெண்ணுக்கு அடைக்கலம் இல்லை.

காணொளிக்காரர் தேடும் ஒற்றுமை இந்த இடத்தில் வேண்டுமானால் கிடைக்கும். நம்ம ஊர் ஆணவக் கொலைச் செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மொழியியல் தேவைப்படாது.