சாலையோரம் நிற்கும் பழைய கல்வீட்டின் வரலாற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

தமிழ்நாட்டு ஊர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

வீட்டை ஆராயும் முன் மனையைப் பாருங்கள்: பட்டா நிலமா, நத்தமா (ஊர்க் குடியிருப்பு மனை), புறம்போக்கா (அரசு நிலம்)? அதைப் பொறுத்துத்தான் தேட வேண்டிய இடம் மாறும். புல எண் (சர்வே எண்) தெரிந்தால், ஊரின் நிலங்களைப் பட்டியலிடும் அ-பதிவேட்டை அரசு இணையதளத்திலேயே பார்த்துவிடலாம்.

பட்டா என்றால் 1980-களின் யுடிஆர் (நில ஆவணங்களைப் புதுப்பித்த திட்டம்) அளவையில் எண் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். புது எண்ணைக் கொடுத்துப் பழைய வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) கேட்டால் ஒன்றும் வராது; பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். தாலுகா அலுவலகத்தில் பழைய எண்ணை வாங்கி, அந்தக் காலத்தில் ஊர் எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்றும் விசாரித்துவிட்டு மனுப் போடுங்கள். 1975-க்கு முந்தையதைப் பெரும்பாலும் கையால்தான் தேடுவார்கள். ஒரு கிரயப் பத்திரம் சிக்கினால் போதும், முந்தைய பத்திரத்தின் எண் அதற்குள்ளேயே இருக்கும். அப்படியே பின்னால் போகலாம். கட்டாயப் பதிவு வந்தது 1865-இல், அதற்கு முந்தையது குடும்பத்தார் பெட்டியில் இருந்தால் உண்டு.

நத்தம்தான் தலைவலி. பழைய பதிவேட்டில் 'கிராம நத்தம்' என்று மட்டும் இருக்கும், ஆள் பெயர் இராது. இங்கே எண்ணை விட்டுவிட்டுப் பெயரைப் பிடியுங்கள். சார்பதிவகத்தில் அட்டவணை 1 பெயர்வாரி, அட்டவணை 2 சொத்துவாரி. வீட்டுக்காரரின் தாத்தா, பாட்டி பெயரில் முதல் அட்டவணையைத் தேடச் சொல்லி, கிடைத்த பத்திரத்தின் நான்கெல்லையை இடத்தோடு ஒப்பிடுங்கள். பஞ்சாயத்து வீட்டு வரி ரசீதும் உதவும்.

புறம்போக்கு என்று வந்து, அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் சத்திரம், சாவடி என்று இருந்தால் அது குடியிருப்பாகக் கட்டியதே அல்ல. பழைய சர்வே வரைபடத்தில் 'ஆர்.எச்.' (ரெஸ்ட் ஹவுஸ்), 'ஐ.பி.' (இன்ஸ்பெக்‌ஷன் பங்களா) என்று குறித்திருந்தால் அரசு தங்கும் விடுதி. அப்போது சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மாவட்ட ஆட்சியர், பொதுப்பணித் துறைக் கோப்புகளைக் கேளுங்கள்.

கட்டடத்தில் நம்பக் கூடாத சாட்சி கல்தான். இடிந்த மண்டபத்துக் கல்லை எடுத்து வீடு கட்டுவது வழக்கம். செதுக்கல் பழசு என்பதால் சுவரும் பழசாகிவிடாது. மூட்டுச் சாந்தைச் சாவியால் கீறுங்கள். வெளிறி உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கீறல் விழாமல் நின்றால் சிமெண்ட், ஆனால் அது பின்னாளில் பூசிய ஒட்டாகவும் இருக்கலாம். அதனால் மழை படாத உள்மூலையிலும் ஒருமுறை கீறிப் பாருங்கள்.

மங்களூர் ஓட்டைப் புரட்டினால் ஆலைப் பெயர் இருக்கும். 'பாசல் மிஷன், 1865' என்று கண்டதும் வீடு கட்டியது 1865-இல் என்று எழுதிவிடுகிறார்கள். அது பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு ஓட்டு ஆலை தொடங்கிய ஆண்டு. 'காமன்வெல்த்' என்றிருந்தால் முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஓடு, ஏனென்றால் பாசல் மிஷன் ஆலைகள் அதன்பிறகே காமன்வெல்த் டிரஸ்ட் நிறுவனத்தின் கைக்கு வந்தன. எப்படியானாலும் ஓடு கூரையின் வயதைத்தான் சொல்லும். நாட்டு ஓட்டை இறக்கிவிட்டுச் சீமை ஓடு போட்ட வீடுகள் ஏராளம்.

வாசல் நிலைக்கு மேலே எழுத்து இருந்தால் கம்பி பிரஷ் போடாதீர்கள். மாலையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் வெள்ளையடிப்புக்கு அடியிலுள்ள எழுத்தும் ஓரளவு தெரியும்.