'வைரப் பச்சை'யில் வைரம் உண்டா?

கேள்வி: என் மகள் ரஷ்யாவின் கசான் நகரில் மருத்துவம் படிக்கிறாள். இப்போது அவளுக்குச் சின்னம்மை. கொப்புளங்களில் 'ஸெல்யோன்கா' என்ற பச்சை மருந்தை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியில் இருக்கும் பெயரைக் கைபேசி 'வைரப் பச்சை' என்று மொழிபெயர்க்கிறது. பயமில்லாமல் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். வைரமும் கிடையாது, வேறு கல்லும் கிடையாது. பிரில்லியன்ட் கிரீன் என்னும் சாயத்தை ஆல்கஹாலில் கரைத்த 1% கரைசல் அது. நம் ஊரில் புண்ணுக்குத் தடவிய ஊதா நிற ஜென்ஷியன் வயலட்டும் இதே சாயக் குடும்பம்தான்.

குழப்பமெல்லாம் பெயர் வந்த வழியில். இதன் லத்தீன் பெயர் 'விரிடிஸ் நிட்டென்ஸ்', அதாவது ஒளிரும் பச்சை. 19ஆம் நூற்றாண்டுச் சாயத் தொழிலில் பளிச்சென்ற நிறங்களுக்கு 'பிரில்லியன்ட்' என்று அடைமொழி கொடுப்பது வழக்கம். அதற்கு மூலமான பிரெஞ்சுச் சொல்லுக்குப் 'பளபளக்கிற' என்று பொருள். பட்டை தீட்டிய வைரத்துக்கும் அதுவே பெயர். ரஷ்ய மொழியில் 'பிரில்லியான்ட்' என்றால் வைரம். ஆகவே 'பிரில்லியான்தவி ஸெல்யோனி' என்ற மருந்துப் பெயர் ரஷ்யர்கள் காதிலேயே வைரமாகத்தான் விழுகிறது. கைபேசியைக் குறை சொல்லி என்ன பயன்? 'ஸெல்யோனி' என்றால் பச்சை. இவ்வளவு நீளமான பெயரை யார் சொல்வார்கள்? நறுக்கி, 'கா' ஒட்டி, ஸெல்யோன்கா ஆக்கிவிட்டார்கள். உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும் 'மர்ஷ்ருத்கா' வேனும் 'எலெக்த்ரிச்கா' மின்ரயிலும் இப்படிப் பிறந்தவைதான்.

ஆனால் இந்த மருந்து அம்மை வைரஸை ஒன்றும் செய்யாது. கொப்புளம் உடைந்த இடத்தில் பாக்டீரியா சேராமல் ஓரளவு காக்கும். இன்னொரு பயன், கணக்கு வைப்பது: பச்சைப் புள்ளி இல்லாத கொப்புளம் புதிது. கடைசிக் கொப்புளம் தோன்றி 5 நாள் ஆகும்வரை பிறருக்குத் தொற்றும் என்பது அங்குள்ள நடைமுறை.

பஞ்சுக் குச்சியால் கொப்புளத்தின் மேல் மட்டும் தொட்டு வைக்கட்டும். கண்ணிலும் வாய்க்குள்ளும் படக்கூடாது. அயோடின், குளோரின் கலந்த கிருமிநாசினிகளை இதோடு சேர்க்கக்கூடாது. பெரியவர்களுக்குச் சின்னம்மை கடுமையாக வரும். அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து தேவையா என்று இன்றே மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள், தடிப்பு தோன்றிய முதல் நாளிலேயே தொடங்கினால்தான் அதற்கு முழுப் பலன். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தோலில் படிந்த பச்சை சில நாளில் தானே போய்விடும். தலையணை உறையில் பட்டால் போகாது. பழைய உறையைப் போட்டுக்கொள்ளட்டும்.