பாட்டு பாதியில் இருக்கும்போது பாருக்குப் போங்கள்

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள், லண்டனில் வேலை பார்க்கிறோம். டிக்கெட் கிடைத்தால் 2027 கிளாஸ்டன்பரி இசைத் திருவிழாவுக்குக் காரில் போவதாகத் திட்டம். சென்ற கோடையில் லண்டன் பூங்கா ஒன்றில் நடந்த கச்சேரியில் பீர் வாங்க நின்றே முக்கிய இசைக்குழுவின் முதல் அரை மணி நேரத்தைத் தவறவிட்டேன். அதே கதை கிளாஸ்டன்பரியிலும் நடக்குமா? வரிசையில் நிற்பதைக் குறைக்க வழி உண்டா? எங்களில் ஒருவர் குடிக்காதவர், அவருக்கு என்ன கிடைக்கும்? திங்கட்கிழமை காலை காரில் திரும்ப வேண்டும், அதற்கும் யோசனை சொல்லுங்கள்.

பதில்: எல்லோரும் போகும் நேரத்தில் போனால் அதே கதைதான் நடக்கும். ஏறக்குறைய இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் பேர் கூடும் இடம் அது. ஆனால் பூங்காக் கச்சேரியில் இல்லாத ஒரு வசதி அங்கே உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கிளாஸ்டன்பரியில் உங்கள் சொந்த உபயோகத்துக்கு மதுவை நீங்களே கொண்டுபோகலாம். கண்ணாடி பாட்டில் மட்டும் கூடாது. மாடுகள் மேயும் பண்ணை அது, உடைந்த கண்ணாடி மண்ணில் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கேன், அட்டைப் பெட்டியில் வரும் வைன், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாற்றிய விஸ்கி எல்லாம் சரி. இதைவிட முக்கியமான விஷயம், கூடாரம் போடும் இடத்துக்கும் மேடை இருக்கும் மைதானத்துக்கும் நடுவே அங்கே சோதனைச் சாவடி கிடையாது. கூடாரத்தில் எடுத்த கேனோடு அங்கே முக்கிய மேடையான பிரமிட் மேடையின் முன்னால் போய் நிற்கலாம். டவுன்லோட், ரெடிங் போன்ற திருவிழாக்களில் கூடாரம் வரைதான் அனுமதி, மேடைப் பகுதிக்குள் கொண்டுபோக முடியாது. லண்டன் பூங்காக் கச்சேரிகளில் வெளி வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள்.

அதற்காகக் காரின் டிக்கி நிறைய ஏற்றிவிடாதீர்கள். 440 மில்லி கேன் 24 என்றால் கிட்டத்தட்ட 11 கிலோ. கார் நிறுத்தும் வயலிலிருந்து கூடாரம் போடும் இடம் வரை மேடு பள்ளத்தில் நீங்கள்தான் சுமக்க வேண்டும். கூடாரம், படுக்கை, மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ் வேறு இருக்கும். ஜூன் மாத வெயிலில் கூடாரத்துக்குள் வைத்த பீர் மத்தியானத்துக்குள் டீ மாதிரி ஆகிவிடும். ஆளுக்கு எட்டு, பத்து கேன் போதும். அதில் ஆளுக்கு இரண்டைத் தொடாமல் வையுங்கள். எதற்கு என்று சொல்கிறேன்.

பாரில் ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது? பார்கள் குறைவு, ஆட்கள் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இந்தத் திருவிழாக்களின் பார்களைத் திட்டமிடும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலும் காரணம் அதுவல்ல. கல்யாண வீட்டில் தாலி கட்டி முடிந்த மறு நிமிடம் மொத்த மண்டபமும் பந்திக்கு எழுவதைப் பார்த்திருப்பீர்கள். மேடையில் ஒரு குழு கடைசிப் பாட்டை முடித்ததும் நடப்பது அதுதான். பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள். பாரில் ஒரு நிமிடத்துக்கு ஊற்ற முடிந்த கோப்பைகளின் எண்ணிக்கையோ பகல் முழுக்க ஒன்றுதான். பாட்டு நடக்கும்போது சும்மா நிற்கும் அதே ஆட்கள், இடைவேளையில் மூச்சு விட முடியாமல் ஓடுகிறார்கள்.

தொலைபேசி இணைப்பகங்களுக்காகக் கோபன்ஹேகனில் எர்லாங் என்ற கணித அறிஞர் 1909-இல் தொடங்கி வைத்த கணக்கு இங்கேயும் செல்லும். ஒருவரைக் கவனிக்கச் சராசரியாக ஒரு நிமிடம், ஆளுக்கு ஆள் கூடக் குறைய ஆகும் ஒரு கவுண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள். அந்தக் கவுண்டர் தன் திறனில் 80 சதவீதம் வேலை செய்யும்போது சராசரிக் காத்திருப்பு 4 நிமிடம். 90 சதவீதத்தில் 9 நிமிடம். 95 சதவீதத்தில் 19 நிமிடம். கூட்டம் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, காத்திருப்பு இரண்டு மடங்கு, நாலு மடங்கு ஆகிவிடுகிறது. பீப்பாய் காலியாகி மாற்ற வேண்டிவந்தால் அந்தச் சில நிமிடத்துக்குள் வரிசை வீங்கிவிடுவதும் இதனால்தான். சாதாரண 50 லிட்டர் பீப்பாயில் 88 பைண்ட்தான் (ஒரு பைண்ட் என்பது ஒரு பெரிய கோப்பை பீர்) இருக்கிறது. நெரிசல் நேரத்தில் அது சட்டென்று தீர்ந்துபோகும்.

ஆகவே நீங்கள் மாற்ற வேண்டியது நேரத்தை. மேடைக்கு ஒரு குழு வந்து பத்து, பதினைந்து நிமிடம் கழித்துப் போங்கள். அப்போது போக வேண்டியவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு மேடைக்குத் திரும்பியிருப்பார்கள். உங்களுக்கு உயிரான குழு இரவு ஒன்பதரைக்கு என்றால், அதற்கு முந்தைய குழு பாடிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போய் வாங்கி வந்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே முக்கால் மணி, ஒரு மணி நேரம் இடைவெளி இருக்கிறதே, நிதானமாக வாங்கலாம் என்று தோன்றும். அந்த இடைவெளிதான் நாளிலேயே மோசமான நேரம், அதிலும் கடைசி கால் மணி நேரம் படுமோசம். அதற்காகத்தான் அந்த இரண்டு கேன். மாலையில் மேடைக்குக் கிளம்பும்போது ஈரத்துணி சுற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். முக்கியக் குழு மேடைக்கு வரும்போது கொஞ்சம் வெதுவெதுப்பான பீர் கையில் இருப்பது, குளிர்ந்த பீருக்காக வரிசையில் நிற்பதைவிட எவ்வளவோ மேல். அந்த முதல் பாட்டு மறுபடி வராது.

தவிர்க்க முடியாமல் நெரிசலில் போய்விட்டீர்களா? சரி, அப்போது எந்த வரிசையில் நிற்பது என்பதில் கவனம் வையுங்கள். எல்லோரும் வரிசையின் நீளத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் கையில் கோப்பையோடு வெளியே வருபவர்களைப் பாருங்கள். ஒரு நிமிடம் நின்று எண்ணினாலே போதும். முன்னால் 45 பேர், நிமிடத்துக்கு மூன்று பேர் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்றால் உங்கள் முறை 15 நிமிடத்தில் வரும். பக்கத்துக் காக்டெயில் பாரில் 15 பேர்தான் நிற்கிறார்கள், ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருவர்தான் நகர்கிறார் என்றால் அரை மணி நேரம் ஆகும். இந்த வகுத்தல் கணக்கு ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

நீளமான கவுண்டர் உள்ள பார்களில் மேடையைப் பார்த்த பக்கத்தின் நடுப்பகுதியில்தான் கூட்டம் குவியும், ஏனென்றால் ஆட்கள் வந்து சேரும் வழி அது. ஓரங்களுக்குப் போய்ப் பாருங்கள். பின்பக்கமும் கவுண்டர் இருந்தால் அங்கே போங்கள். முக்கிய மேடைக்கு ஒட்டிய பாரை விட்டு ஐந்து, ஆறு நிமிடம் நடந்தால் வேறு பார் வரும். நடந்து போய் வாங்கித் திரும்புவது பெரும்பாலும் பக்கத்தில் நிற்பதைவிட விரைவாக முடியும். பொதுவாகக் குழாயில் வரும் பீரையே கேளுங்கள். ஆனால் உச்சி வெயிலில் குழாய் சூடாகி பீர் நுரைத்துக் கொட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், அந்த இடத்தில் கேனில் விற்பதைக் கேளுங்கள். நுரை அடங்க அடங்க ஊற்றுவதில்தான் நேரம் போகிறது.

ஐந்து பேரும் சேர்ந்து போகாதீர்கள், இருவர் போதும். ஒருவருக்கு ஒரு கோப்பை ஊற்றுவதில் நேரம் பிடிப்பது பேச்சும், கார்டைத் தட்டுவதும், வயதுச் சோதனையும்தான். நான்கு கோப்பைக்கு அதைப்போல நான்கு மடங்கு நேரம் ஆகாது. ஆளாளுக்குத் தனித்தனியாக வாங்கும் நண்பர் கூட்டங்கள் தங்களையும் பின்னால் நிற்பவர்களையும் சேர்த்தே தாமதப்படுத்துகிறார்கள். ஒருவருக்கு இத்தனை கோப்பைதான் என்று வரம்பு வைக்கும் திருவிழாக்களும் உண்டு, இருவர் போனால் அதுவும் பிரச்சினை இல்லை.

போகும் இருவரிடமும் வயதுச் சான்று இருக்கட்டும். சட்டப்படி 18 போதும், ஆனால் 25-க்குக் குறைவாகத் தோன்றும் யாரிடமும் சான்று கேட்பதுதான் இங்கிலாந்து பார்களின் வழக்கம். முப்பது வயதிலும் இளமையாகத் தெரியும் நம்மவர்கள் பலரை நிறுத்திக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட்டைச் சேற்றில் கொண்டு அலைய வேண்டாம், பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமம் இருந்தால் அதுவே போதும், பழகுநர் உரிமமானாலும் சரி. போனில் எடுத்து வைத்த புகைப்படத்தை ஏற்க மாட்டார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு இது மனதுக்கு நெருக்கமான விஷயம். கிளாஸ்டன்பரியின் பெரிய பார்களை நடத்தி வருவது வொர்க்கர்ஸ் பீர் கம்பெனி. லண்டன் பேட்டர்ஸீ, வாண்ட்ஸ்வொர்த் பகுதித் தொழிற்சங்கக்காரர்கள் தொடங்கியது. அங்கே ஊற்றித் தருபவர்களில் பெரும்பாலானோர் தன்னார்வலர்கள். அவர்கள் உழைப்புக்கான கூலி அவர்கள் சார்ந்த தொழிற்சங்கத்துக்கோ, அறப்பணிக்கோ, போராட்டக் குழுவுக்கோ போகிறது. அவர்களிடம் கையை ஆட்டிக் கூப்பிடுவது, கவுண்டரைத் தட்டுவது எல்லாம் வேண்டாம். என்ன வேண்டும் என்று வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்து, கார்டைக் கையில் எடுத்து வைத்து, ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். அப்புறம், போதையில் தள்ளாடுபவருக்கு மதுவை விற்பதும், தெரிந்தே அவருக்காக இன்னொருவர் வாங்கிக்கொடுப்பதும் 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி குற்றம். தன்னார்வலர் ஒருவர் மறுத்தால் அவரோடு வாதாடாதீர்கள்.

திருவிழா நடத்துபவர்களும் பீரைத் தடையில்லாமல் பாருக்குக் கொண்டுசேர்க்கப் படாத பாடு படுகிறார்கள். ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் திருவிழாவில் 2017-இல் வயலுக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் பீர்க் குழாயே பதித்துவிட்டார்கள். லாரிகள் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு உள்ளே வந்து போனால் மழை பெய்த வயல் சேறாகிவிடுகிறது என்பது அதற்கு ஒரு காரணம்.

இனி உங்கள் குடிக்காத நண்பருக்கு. அவருக்குத்தான் அங்கே சிரமமே இல்லை. குடிநீர்க் குழாய்கள் மைதானமெங்கும் உண்டு, வாட்டர் எய்ட் என்ற தொண்டு அமைப்பின் தண்ணீர்க் கடைகளிலும் இலவசமாக நிரப்பிக்கொள்ளலாம். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்பனையை 2019-இல் நிறுத்திவிட்டார்கள் (2017-இல் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது). அதனால் ஆளுக்கு ஒரு நல்ல பாட்டில் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். இங்கிலாந்தில் மது விற்கும் பாரில் குழாய்த் தண்ணீர் கேட்டால் காசு வாங்காமல் தர வேண்டும் என்பது உரிம நிபந்தனை. தண்ணீர் விஷயத்தில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வுட்ஸ்டாக் 1999 சாட்சி. ஜூலை வெயிலில், பழைய விமானப்படைத் தளத்தின் தார்த்தரையில், ஒரு பாட்டில் தண்ணீர் 4 டாலருக்கு விற்றார்கள். இலவசக் குழாய்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. அந்தத் திருவிழா கலவரத்திலும் தீயிலும் முடிந்ததற்கு மக்களின் அந்த ஆத்திரமும் ஒரு காரணம். குடிப்பவர்களும் ஒரு பைண்டுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீ, காபி, மது இல்லாத பீர் எல்லாம் கிடைக்கும். 1970-இல் பண்ணைக்காரர் மைக்கேல் ஈவிஸ் தன்னுடைய இந்தப் பண்ணையில் முதல் விழா நடத்தியபோது, ஒரு பவுண்டு டிக்கெட்டோடு பண்ணைப் பால் இலவசமாகக் கொடுத்தார்.

குடித்தது எல்லாம் வெளியே வரவும் வேண்டும். கழிப்பறை வரிசையும் அதே இடைவேளையில்தான் நீளும், அதே நேர உத்தி அதற்கும் பொருந்தும். வேலி ஓரமாக ஒதுங்காதீர்கள். பண்ணை வழியாக ஓடும் வைட்லேக் சிற்றாற்றில் அது போய்ச் சேர்கிறது.

கடைசியாகத் திங்கட்கிழமை. ஒரு பைண்ட் 568 மில்லி. 4.5 சதவீத பீர் என்றால் அதில் இரண்டரை யூனிட் மது இருக்கிறது (ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய மது). உடல் ஒரு யூனிட்டை வெளியேற்றச் சராசரியாக ஒரு மணி நேரம் ஆகும். ஞாயிறு மாலை ஏழு மணிக்குத் தொடங்கி ஐந்து பைண்ட் குடித்தால் கிட்டத்தட்ட 13 யூனிட், கணக்குப்படி மறுநாள் காலை எட்டு மணி வரை உடலில் மது இருக்கும். திருவிழா நடக்கும் சாமர்செட் பகுதியின் சைடர் (ஆப்பிள் மது) பெரும்பாலும் பீரைவிட வலுவானது, அதைக் குடித்தால் நேரம் இன்னும் தள்ளிப்போகும். இது சராசரிதான், உடல்வாகு, தூக்கம், சாப்பாட்டைப் பொறுத்து மாறும். தூங்குவதாலோ, குளிப்பதாலோ, கறுப்புக் காபியாலோ இது வேகமாகாது. இங்கிலாந்தில் 100 மில்லி மூச்சுக்காற்றில் 35 மைக்ரோகிராம் வரம்பு. அதைத் தாண்டினால் குறைந்தது ஓராண்டு உரிமம் போகும். உங்கள் குடிக்காத நண்பருக்கு ஓட்டத் தெரியும் என்றால், அவரைக் காப்பீட்டில் ஓட்டுநராக முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். அவர் நன்றாகத் தூங்க ஞாயிறு இரவு அவர் கூடாரப் பக்கம் சத்தம் போடாமல் இருங்கள். அவருக்கு ஓட்டத் தெரியாது என்றால், ஓட்டத் தெரிந்த மற்றவர்களில் ஒருவர் ஞாயிறு மத்தியானத்தோடு நிறுத்திக்கொள்வது என்று டிக்கெட் எடுக்கும்போதே பேசி வைத்துவிடுங்கள். அங்கே போய், மூன்றாவது கோப்பைக்கு அப்புறம் பேசினால் நடக்காது.