ஆதிக் கிறிஸ்தவம் பேசிய புதிய மனிதகுலத்தில் யாருக்கெல்லாம் இடம்?

கிறிஸ்துவுக்குள் ஒன்றாகும் இந்தப் புதிய மனிதகுலம் "எல்லா மனிதருக்குமா, ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் நூற்றாண்டில் சண்டை வேறு இடத்தில் நடந்தது. யூதரல்லாதவர் யூதராக மாறாமலே உள்ளே வரலாமா? விருத்தசேதனம் (ஆண்குறியின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) இல்லாதவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாமா? இதுதான் அன்றைய தலைவலி.

எருசலேம் ஆலயத்தில் உள் பிராகாரத்துக்கு முன்னால் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. இதைத் தாண்டி வந்து பிடிபடும் அந்நியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். 1871-ல் கண்டெடுத்த அந்தக் கல்வெட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசு பட்டணத்தானான துரோப்பீமுவை அந்த எல்லைக்குள் கூட்டி வந்துவிட்டார் என்ற சந்தேகத்தில்தான், யூதரல்லாதவர்களிடம் கிறிஸ்துவைப் பிரசங்கித்த அப்போஸ்தலர் பவுலைக் கூட்டம் அடித்துக் கொல்லப் பார்த்தது (அப்போஸ்தலர் 21). பைபிளில் பவுலின் பெயரால் எபேசியருக்கு எழுதிய நிருபமோ (கடிதமோ), நடுச்சுவர் தகர்ந்து இரு தரப்பாரும் ஒரே புதிய மனிதனாக ஆக்கப்பட்டதாகச் சொல்கிறது. அதைப் பவுலே எழுதினாரா, அந்தச் சுவரைத்தான் குறிப்பிடுகிறதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இருக்கட்டும். ஆலயத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சுவர் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது.

எழுதுவது சுலபம், பந்தியில் உட்காருவதுதான் கஷ்டம். அந்தியோகியாவில் இயேசுவின் சீடர் பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதவரோடு) சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் திருச்சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லாருக்கும் முன்னால் கண்டித்தார் (கலாத்தியர் 2). கொலோசெயர் 3:11, இனி வேறுபாடு இல்லை என்று சொல்லும் பட்டியலில், கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த நாடோடிகளான சீத்தியரையும் சேர்க்கிறது. கிரேக்கர் கண்ணில் காட்டுமிராண்டிகளிலும் கடைசி அவர்கள்!

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். "ஆதாமுக்குள் எல்லாரும் மரிக்கிறதுபோல, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள்" என்கிறார் பவுல். இரண்டாம் நூற்றாண்டில் ஆயர் ஐரேனியஸ், குழந்தை முதல் பெரியவர் வரை ஒவ்வொரு வயதையும் கிறிஸ்து கடந்து வந்தது அந்தந்த வயதினரைப் புனிதப்படுத்தத்தான் என்றார். ஆனால் இருவருமே விசுவாசத்தையும் ஞானஸ்நானத்தையும் விட்டுவிடவில்லை. என் வாசிப்பில், அழைப்பு மனிதர் எல்லாருக்கும். உறுப்பினராவது ஞானஸ்நானத்தின் வழியாக. கடைசியில் எல்லாருமே மீட்கப்படுவார்கள் என்ற நம்பிக்கை மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் ஓரிஜென் போன்ற சிலரிடம் இருந்தது, ஆனால் அது திருச்சபையின் பொதுப் போதனை ஆகவில்லை.

ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்கிறது கலாத்தியர் 3:28. ஆனால் சுவரை இடித்த அதே எபேசியர் நிருபம், ஆறாம் அதிகாரத்தில் அடிமைகளை எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. உள்ளே வந்த அடிமை அடிமையாகவே இருந்தான். நான்காம் நூற்றாண்டில் நைசா நகர ஆயர் கிரெகோரி, பைபிளின் பிரசங்கி நூலைப் பற்றிய உரையில்தான் இதை நேராகத் தொட்டார்: கடவுளின் சாயலுக்கு என்ன விலை கொடுத்தாய் என்று அடிமை வாங்குகிறவனைக் கேட்டார்.