புரோபயாடிக் சாப்பிட்டால் எலும்பு வலுவாகுமா?

கேள்வி: எனக்கு வயது 54. மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் டி-ஸ்கோர் -1.8 என்று வந்தது. டாக்டர் கொடுத்த கால்சியம் மாத்திரையைச் சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்கிறது. குடல் சரியாக இருந்தால் எலும்பும் சரியாகிவிடும், நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் போதும் என்கிறார் தோழி. அதற்கு மாறிவிடலாமா?

பதில்: மாறிவிடாதீர்கள். -1க்கும் -2.5க்கும் இடைப்பட்ட அளவு என்றால் எலும்பு அடர்த்தி குறையத் தொடங்கிவிட்டது, ஆனால் எலும்பு எளிதில் முறியும் ஆஸ்டியோபொரோசிஸ் வரை போகவில்லை என்று பொருள். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நேரம் இது.

உங்கள் தோழி சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. எலும்பு ஒரு பக்கம் கரைந்துகொண்டும் மறுபக்கம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்ததும் கரைக்கும் செல்களின் கை ஓங்குகிறது. இதில் குடலுக்கும் பங்கு உண்டு என்று 2016இல் வெளியான எலி ஆய்வு ஒன்று காட்டியது. பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குப் பாலின ஹார்மோனை நிறுத்தியும் எலும்பு குறையவில்லை. சாதாரண எலிகளுக்குக் குறைந்தது. ஹார்மோன் குறையும்போது குடற்சுவரின் காப்பு தளர்கிறது, பாக்டீரியாவின் தூண்டுதலால் அழற்சி கிளம்புகிறது, அது எலும்பைக் கரைக்கும் செல்களை முடுக்கிவிடுகிறது. ஹார்மோன் நிறுத்தப்பட்ட சாதாரண எலிகளுக்குப் புரோபயாடிக் கொடுத்தபோது அவற்றின் எலும்பு காப்பாற்றப்பட்டது. எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த ஆய்வு அது.

சரி, மனிதர்களில்? ஸ்வீடனில் 75 முதல் 80 வயதுள்ள 90 பெண்களுக்கு லாக்டோபசில்லஸ் ரியூட்டரி 6475 என்ற வகையை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். கீழ்க்கால் எலும்பின் அடர்த்தி வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 1.85 சதவீதமும், இவர்களுக்கு 0.83 சதவீதமும் குறைந்தது. 2018இல் வந்த இந்த முடிவைத்தான் விளம்பரங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதே பாக்டீரியாவை, மாதவிடாய் நின்று சில ஆண்டுகளே ஆன 239 பெண்களுக்கு இரண்டு ஆண்டுகள் கொடுத்த பெரிய ஆய்வு 2024இல் வெளியானது. பலன் தெரியவில்லை. நீங்கள் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர்.

வேறு வகைகளைக் கலந்து கொடுத்த ஆய்வு ஒன்றில் முதுகெலும்பில் சிறு பலன் தெரிந்தது உண்மைதான். ஆனால் ஒரு வகைக்குக் கிடைத்த பலனை இன்னொன்றின் கணக்கில் எழுத முடியாது. டப்பாவில் 'புரோபயாடிக்' என்று மட்டும் போட்டிருந்தால் எலும்பைப் பொறுத்தவரை அது எதையும் சொல்லவில்லை.

காப்ஸ்யூலைவிட, ஏற்கெனவே உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்குத் தீனி போடுவதையே நான் விரும்புவேன். பயறு, முழுதானியம், காய், பழம் இவற்றின் நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் போன்ற அமிலங்களாக மாற்றுகின்றன. அங்கே அமிலத்தன்மை கூடுவதால் கால்சியம் கரைந்து கொஞ்சம் கூடுதலாக உள்ளே போகிறது. நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு இன்னும் உப்பும், மெதுவாகக் கூட்டுங்கள்.

அப்புறம், அந்த மாத்திரை. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பிரித்துச் சாப்பிடுங்கள். அப்படியும் உப்பினால் கால்சியம் சிட்ரேட்டுக்கு மாற்றித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். அசிடிட்டிக்குத் தினமும் மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். வயிற்றில் அமிலம் குறைந்தால் கார்பனேட் சரியாகச் சேராது.

இதையெல்லாம் செய்துகொண்டு கூடவே புரோபயாடிக்கும் எடுக்க ஆசை என்றால் தடையில்லை, நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எதுவும் நீங்கள் சாப்பிடாதவரை.